மணிக்கு வாங்கிய பூனைத் தீனி

"மணிக்குக் கண்ணு தெரியல அண்ணாச்சி" என்று பேச்சியம்மாள் கவுன்டரில் வந்து நின்றார். பூனைக்குக் கண் போனதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். மாட்டுங்காவில் நாய், பூனைத் தீனி விற்கும் கடையில் அப்போது நான் பதினோரு வருட சேல்ஸ்மேன். எல்லாம் தெரியும் என்ற திமிர் வேறு.

பேச்சியம்மாள் தாராவியில் சட்டை தைக்கும் ஒர்க்‌ஷாப்பில் காஜா எடுப்பவர். மணி அங்கேயே வளரும் பூனை. கட்டிங் டேபிளுக்குத் தாவும்போது விளிம்பில் முட்டி விழுந்திருக்கிறது. டாக்டரிடம் தூக்கிப் போனவர், தீனியையும் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்.

"இது நாய்த் தீனியாம். பூனைக்கு டாரின்னு ஒரு சத்து வேணுமாம். நாய் ஒடம்பு அதத் தானா உண்டாக்கிக்கிடும், பூனையால முடியாதுங்காரு. போன பார்வை போனதுதானாம். மிச்சத்தக் காப்பாத்தணும்."

அந்தத் தீனியைக் கொடுத்தவன் நான்தான். ஒன்றரை வருடம் முன்பு, "சஸ்தாவா, வெல கம்மியா என்ன இருக்கு?" என்று கேட்டார். நாய்த் தீனி மூட்டையிலிருந்து லூஸாக அள்ளிக் கட்டி, "நாய்க்கும் பூனைக்கும் ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றேன். மாதாமாதம் அதையே கட்டினேன்.

வேறு யாராக இருந்தாலும் என் சட்டையைப் பிடித்திருப்பார்கள். அவர், "நீங்க வேணும்னு செய்யல. என் சம்பளத்துக்குள்ள நல்லது எதுன்னு பாக்கணும். எனக்கு இங்கிலீஷ் வராது, பின்னாடி இருக்கத வாசிங்க" என்றார்.

முன்பக்கப் படத்தைக் காட்டியே விற்றுப் பழகியவன் நான். அன்றுதான் பின்பக்கத்தை ஒழுங்காக வாசித்தேன். சேர்மானங்களில் எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுதியிருப்பார்கள். விலை குறைந்த ஒரு பாக்கெட்டில் முதலில் சோளம்.

"சோளமா? கோழியா வளக்கேன்?" என்று தள்ளி வைத்தார்.

தங்க எழுத்துப் போட்ட வெளிநாட்டுப் பாக்கெட்டை நானே எடுத்துக் காட்டவில்லை. நடுத்தர விலையில் ஒன்றை எடுத்தேன். முதலில் கோழி இறைச்சி, டாரின் உண்டு, பூனைக்கான முழு உணவு என்றும் போட்டிருந்தது.

"ஒரு நாளைக்கு எவ்வளவு போடணுமாம்?"

இந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. பார்த்தால், சோளத் தீனி என்றால் இதைப்போல் ஒன்றரை மடங்கு போட வேண்டும். மாதக் கணக்கில் விலை வித்தியாசம் கொஞ்சம்தான். அதை மனக்கணக்காகவே போட்டுவிட்டார். எனக்குக் கால்குலேட்டர் தேவைப்பட்டது.

"எலே, மத்த கஸ்டமர் நிக்காங்க, அங்க என்ன பாடம் நடத்துத?" என்றார் முதலாளி.

"நான் நடத்தல முதலாளி, படிச்சிக்கிட்டு இருக்கேன்."

லூஸாகத் தரட்டுமா என்றதற்கு, "தேதி தெரியாதுல்லா?" என்று சீல் பிரிக்காத பாக்கெட்டையே வாங்கினார். அந்தப் பெண்மணியின் நிதானம் எனக்குச் சாகும்வரை வராது.

நாலு மாதம் கழித்து, பார்வை அதற்குமேல் குறையவில்லை என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார். கேட்கவே கூச்சம்தான், ஆனாலும் கேட்டேன்: "இவ்வளவு நடந்தும் வேற கடைக்குப் போகலயேம்மா?"

"அங்க உள்ளவருக்கும் தெரியாதுல்லா அண்ணாச்சி. ஒங்களுக்கு இப்ப தெரியும்."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, விலை குறைவாகக் கேட்கிறவருக்குத்தான் பாக்கெட்டை இரண்டு தடவை வாசித்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். நான் வாசிக்காமல் கொடுத்தேன். மணிக்குப் பாதிப் பார்வை போயிற்று.