மீனைப் பார்க்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

மற்ற வைத்தியர்களிடம் நோயாளி நடந்து வருவார், இல்லை தூக்கிக்கொண்டு வருவார்கள். எங்கள் தொழிலில் மட்டும் நோயாளி பொலித்தீன் பையில் தொங்கிக்கொண்டு, பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் மடியை நனைத்தபடி வந்து சேருவார்.

வீட்டில் கண்ணாடித் தொட்டியை வைத்துவிட்டு, காலையில் முகம் கழுவும் முன்னே எது மிதக்கிறது என்று எட்டிப் பார்க்கிறவர்களே, நீங்கள் என் சாதி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் வைத்தியம் படித்தவள் இல்லை. கொன்வென்டில் எனக்குக் கிடைத்தது குண்டு குண்டான கையெழுத்தும், நகத்தில் அழுக்கு இருக்கக் கூடாது என்ற பயமும்தான். பலாங்கொடை பஸாரில் என் வீட்டுக்காரருக்கு ஒரு சின்ன ஹாட்வெயார் கடை. எங்கள் மகள் தர்ஷினி பிறக்கும்போதே இருதயத்தில் ஓட்டையோடு பிறந்தாள். எடை கூடட்டும், பிறகு கொழும்பில் ஒப்பரேஷன், அதுவரை பிள்ளையை அழ விடாதீர்கள் என்றார் டொக்டர். அழுதால் உதடு நீலமாகிவிடும். அழவே விடாமல் ஒரு பிள்ளையை வளர்ப்பது எப்படி என்று எந்த சிஸ்டரும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

ஒருநாள் என் வீட்டுக்காரர் சின்னத் தொட்டி ஒன்றில் கொஞ்சம் கப்பி மீன் கொண்டுவந்து கடைக்குள் தொட்டில் பக்கமாக வைத்தார். மகள் அதையே பார்த்துக்கொண்டு ஒரு போத்தல் பாலை அழாமல் குடித்து முடித்தாள். அவ்வளவுதான். அந்த மீன்கள் ஆணிப் பெட்டிகளையும் பூட்டுச் சாவிகளையும் தள்ளித் தள்ளி, கடையில் பாதியைப் பிடித்துக்கொண்டன. மீன் வாங்கிப் போனவர்கள் அதற்கு ஒன்று என்றால் என்னிடமே ஓடி வந்தார்கள், சாகக் கொடுத்துச் சாகக் கொடுத்து நானும் வைத்தியம் கற்றுக்கொண்டேன். அவளைத் தூங்க வைத்துவிட்டு, ஒரு கையை அவள் நெஞ்சில் வைத்துக்கொண்டு மறு கையால் எழுதுகிறேன். எழுத்து கோணினால் மன்னியுங்கள்.

காய்ச்சி ஆறிய தண்ணீர்

மலை மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவிலிருந்து ராசம்மா அக்கா வந்தார். தாய்மார் கொழுந்து எடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் அது. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவர்தான். தோட்டத்துத் துரையின் மனைவி, பிள்ளைகள் பார்க்கட்டும் என்று ஒரு மீன் தொட்டி வாங்கிக் கொடுத்திருந்தார். பைக்குள் இரண்டு தங்கமீன்கள் வாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக் காற்றைக் கடித்துக்கொண்டிருந்தன. செவுள் அடிக்கும் வேகத்தைப் பார்த்ததும் எனக்கு என் மகள்தான் ஞாபகம் வந்தாள்.

"தண்ணி மாத்துறீங்களா அக்கா?"

"மாத்தாம? காய்ச்சி, ஆற வச்சு, வடிகட்டித்தான் ஊத்துறேன்."

"மீனுக்குக் காய்ச்சின தண்ணியா?"

"காய்ச்சாத தண்ணி காம்பராவுக்குள்ள வரக் கூடாதுன்னு தோட்டத்து நர்ஸ் மிஸி சொல்லியிருக்காங்க. மீனு மட்டும் என்ன பாவம் செஞ்சிச்சு?"

சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. அன்று காலை மகளுக்காக நானும் ஒரே தண்ணீரை இரண்டு தரம் காய்ச்சியிருந்தேன். தண்ணீர் கொதிக்கும்போது அதில் கரைந்திருக்கும் காற்று போய்விடும், மீன் மூச்சு விடுவது அந்தக் காற்றில்தான் என்று சொன்னேன். மலையிலிருந்து பீலியில் விழும் தண்ணீரையே பிடித்து, தொட்டியில் ஒரு பங்கை மட்டும் மாற்றுங்கள். காய்ச்சாமல் மனசு கேட்கவில்லை என்றால், நன்றாக ஆறிய பிறகு இரண்டு வாளிக்கு நடுவில் உயரத் தூக்கி ஆற்றி ஊற்றுங்கள் என்றேன். ராசம்மா அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்ல கதைதான் புள்ள. எங்க வீட்டு மனுசனுக்கே நா தேத்தண்ணி ஆத்திக் குடுத்ததில்ல, இப்ப மீனுக்கு ஆத்தணும்."

முதலாளி வீட்டு விருந்து

குணபால முதலாளி மாணிக்கக்கல் வியாபாரி. அவர் மீனைக் கொண்டுவரவில்லை, தண்ணீரை ஒரு சோடாப் போத்தலில் கொண்டுவந்தார். பால் கலந்தது போல இருந்தது. என்ன தீனி போடுகிறீர்கள் என்று கேட்டேன். காலையில் பாண், பகலில் சோறு, அந்திக்கு அவர் சாப்பிடுவதில் ஒரு பங்கு. முந்தின நாள் அந்திக்கு அவர் சாப்பிட்டது உள்ளே மீன் வைத்த பனிஸ். தண்ணீர் கலங்கியதும் அவர் வீட்டு அம்மா தினமும் மொத்தத் தண்ணீரையும் கொட்டி, வடிகட்டும் பஞ்சைச் சவர்க்காரம் போட்டு வெளுத்து வைத்திருக்கிறார்.

அந்தப் பஞ்சின் வழவழப்பில்தான் தண்ணீரைச் சுத்தம் செய்யும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன. அவற்றைக் கழுவிக் கொட்டிவிட்டால் மீனின் கழிவே மீனுக்கு நஞ்சு. பஞ்சைத் தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாற்றாதீர்கள், இரண்டு மூன்று நாளைக்குத் தீனியே போடாதீர்கள் என்றேன். கடைசியாகச் சொன்னதைக் கேட்டு முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்த உயிரைப் பட்டினி போட்டால் பாவம் இல்லையா என்று கேட்டார். பிறகு வயிற்றைத் தடவிக்கொண்டே எழுந்தார்.

"சரி நங்கி, பட்டினி போடுறேன். சீனி வருத்தத்துக்கு என்னோட டொக்டரும் இதத்தான் சொல்றான், நா கேக்கல. மீனாவது கேக்கட்டும்."

ஆத்தா வந்த தொட்டி

றக்வானைப் பக்கத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருப்பவரின் மனைவி லெட்சுமி அக்கா. ஒருநாள் கடைக்கு வந்தவர் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். கையில் பையும் இல்லை.

"உள்ள வர மாட்டேன் தங்கச்சி, ஒங்க புள்ள இருக்கு. எங்க வீட்டுல ஆத்தா வந்திருக்கா."

நான் தொட்டிலைப் பின்னுக்கு இழுத்தேன். அம்மை என்றால் என் மகள் தாங்க மாட்டாள். எந்தப் பிள்ளைக்கு அக்கா என்று கேட்டேன்.

"புள்ளைக்கு இல்ல. மீனுக்கு."

மீன் உடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாக முத்துப் போட்டிருக்கிறதாம். தொட்டியின் நாலு மூலையிலும் வேப்பிலை செருகி, வீட்டில் தாளிப்பதை நிறுத்தி, கணக்கப்பிள்ளை ஐயா முகம் மழிக்காமல் இருக்கிறாராம். மீன்கள் கல்லில் உடம்பை உரசுவதைப் பார்த்து ஆத்தா விளையாடுகிறாள் என்று விழுந்து கும்பிட்டார்களாம். நான் எதையும் மறுத்துப் பேசவில்லை. என் மகளுக்கு முடியாமல் போனால் நான் மட்டும் என்ன செய்கிறேன்? வேப்பிலை வெளியில் இருக்கட்டும், தண்ணீருக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன். பிறகு தொட்டி எங்கே இருக்கிறது என்று மெல்லக் கேட்டேன். தொட்டி ஜன்னல் ஓரம் இருந்தது. றக்வானையின் குளிர் நேரே அதில்தான் இறங்கியது. இந்த வெள்ளைப் புள்ளி குளிர்ந்த தண்ணீரில் வாடிய மீனைத்தான் தேடிப் பிடிக்கும். தொட்டியை அடுப்படிச் சுவர்ப் பக்கம் மாற்றச் சொன்னேன், மேலே ஒரு பல்ப், தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கல்லுப்பு, மீனுக்கென்று விற்கும் நீல மருந்து சில சொட்டு. புள்ளி உதிர்ந்து அடியில் போய்க் குஞ்சு பொரிக்கும், அதனால் அடித் தண்ணீரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்து, அதே அளவு புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று விளக்க வாயெடுத்தேன்.

லெட்சுமி அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். "மொதத் தண்ணி, ரெண்டாந் தண்ணி, மூணாந் தண்ணி. ஒரு நாள் விட்டு ஒரு நாள். இது எங்களுக்குத் தெரியாதா?" அம்மை இறங்கினால் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற முறை அப்படியே அது. நான் எத்தனையோ பேருக்கு இந்த வைத்தியத்தைச் சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் தவறாமல் செய்தது அந்த வீட்டில் மட்டும்தான். பிறகு ஒரு தூக்குச்சட்டியில் கூழோடு வந்தார். இந்த முறை உள்ளே வந்தார், தொட்டிலை எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணு போயிருச்சு தங்கச்சி, மத்ததெல்லாம் நல்லா ஓடுது. ஒங்க புள்ளைக்கும் சேத்துத்தான் வேண்டிக்கிட்டேன். தனியா கூழு ஊத்த வேணாம், இதுலயே அடங்கிருச்சு."

பைக்குள் சத்தம்

கொழும்பில் மகளின் கிளினிக் முடிந்து வரும்போது ஒவ்வொரு தடவையும் கடைக்குக் கொஞ்சம் மீன் வாங்கி வருவேன். தூரப் பயணம் என்பதால் பைக்குள் பற்றரியில் ஓடும் சின்னக் காற்று மோட்டர், அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய். அது யுத்த காலம். இதை நான் யோசிக்கவே இல்லை. வழியில் எல்லோரையும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். என் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்த சிப்பாய்க்கு என் பைக்குள்ளிருந்து டிர்ர் என்ற சத்தம் கேட்டது. வயரும் கறுப்பு டேப்பும் வெளியே தெரிந்தன. பக்கத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். நான் சிங்களத்தில் மீன், மீன் என்று சொன்னேன். மகள் சிணுங்க ஆரம்பித்தாள், உதடு நீலம் பாரித்தது.

அவன் பையை மெல்லத் திறந்தான். உள்ளே ஏஞ்சல் மீன்கள் அவனைப் பார்த்தன. மோட்டரை நிறுத்து என்றான். நிறுத்தினால் செத்துவிடும் என்றேன். பிள்ளைக்கு என்ன என்று கேட்டான். இருதயத்தில் ஓட்டை என்றேன். அவன் எங்கள் மூன்று பேரையும், அதாவது என்னையும் மகளையும் பையையும், மாறி மாறிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, வீட்டில் தம்பி வளர்க்கும் சண்டை மீனுக்கு வால் கிழிந்து கிழிந்து போகிறது, ஏன் என்று கேட்டான். தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள், காய்ந்த கொட்டம்பா இலை, நாட்டு வாதுமை இலைதான், ஒன்றைக் கழுவிப் போடச் சொல்லுங்கள், தண்ணீர் தேத்தண்ணி நிறமாகும், பயப்பட வேண்டாம் என்றேன். அவன் துப்பாக்கியை முதுகுக்குத் தள்ளினான்.

"நீங்க மொதல்ல ஏறுங்க அக்கே. பையை ஆட்டாமக் கொண்டு போங்க, பிள்ளையை நான் பிடிக்கிறேன்."

காத்திருக்கும் அறையின் தொட்டி

கடைசியில் எடை கூடி, ஒப்பரேஷனுக்கு நாளும் கிடைத்தது. காலையிலேயே மகளை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். இவர் இரத்தம் கொடுக்கக் கீழே போனார். நான் மற்றத் தாய்மாரோடு வெளியே உட்கார்ந்தேன். மூலையில் ஒரு மீன் தொட்டி. தண்ணீர் மஞ்சள் பூத்திருந்தது, ஒரு பெரிய தங்கமீன் பக்கவாட்டில் சாய்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் இருந்த முஸ்லிம் தாய் எழுந்து போய் ஒரு பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு சிங்களத் தாய் போய் அதையே செய்தார். எனக்குப் புரிந்தது. ஒப்பரேஷனுக்கு முன்னால் பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்ட விட மாட்டார்கள். ஊட்ட முடியாத கைகளெல்லாம் நாள்தோறும் இந்த மீனுக்கு ஊட்டியிருக்கின்றன.

நான் எழுந்து தொட்டிக்குள் கை விடப் போனேன். தொட்டியைத் தொடாதே என்றார் ஆஸ்பத்திரி வேலைக்கார அம்மா சோமா அக்கா. இப்படியே விட்டால் இது செத்துவிடும் என்றேன். அந்த அறையில் யாரும் சொல்லாத சொல் அது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சோமா அக்கா என்னை முறைத்துவிட்டுப் போனார். திரும்பி வரும்போது ஒரு கையில் வாளி, மறு கையில் பிரிக்காத சேலைன் குழாய். வாளியில் இருந்தது முதல்நாள் பிடித்து வைத்த பீப்பாத் தண்ணீர், அதனால் குழாய்த் தண்ணீரின் குளோரின் மருந்து வாடை போயிருந்தது. நான் குழாயால் அடியில் ஊறிக் கிடந்த பிஸ்கட் சேற்றை இழுத்தேன். இரண்டு தாய்மாரும் புதுத் தண்ணீரை மக்கில் அள்ளி, உயரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்கள். மெல்லிய குழாய், மெல்லத்தான் இழுத்தது. மெல்ல இழுக்கட்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. வேலை முடிந்துவிட்டால் அந்தக் கதவைப் பார்க்க வேண்டுமே.

கதவு திறந்தது. பலாங்கொடைப் பிள்ளையின் அம்மா யார் என்று நர்ஸ் கேட்டார். நான் கையில் குழாயோடு நின்றேன். முஸ்லிம் தாய்தான் என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "ஓட்டையை அடைச்சாச்சு, பிள்ளை நல்லா இருக்கு" என்று நர்ஸ் சொன்னார். "கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிட்டு வாங்க, மீன் நாத்தம்."

மகளைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிய அன்று அந்த அறை வழியாகத்தான் வந்தோம். தண்ணீர் தெளிந்திருந்தது. தங்கமீன் நிமிர்ந்து நீந்தியது. மகள் அதைப் பார்த்துக் கத்திச் சிரித்தாள், உதடு நீலமாகவில்லை. சோமா அக்கா அவள் கன்னத்தைக் கிள்ளினார்.

"இப்ப யாராவது பிஸ்கட் பக்கெட்டைப் பிரிச்சா நான் அவங்க கையில மக்கைக் குடுத்துடுறேன் நங்கி. மீனும் பொழைச்சுது, எனக்கும் வேலை மிச்சம்."

யோசித்துப் பார்த்தால், இத்தனை காலத்தில் என் கைவைத்தியத்தால் பிழைத்த மீன்களை விட, மீனைச் சாக்காக வைத்து என்னைப் பிழைக்க வைத்துவிட்டுப் போன ஆட்கள்தான் அதிகம்.