கடைசி ஆள் கை கழுவும்வரை

பேருந்து ஓட்டுகிறவருக்குச் சாப்பாடு என்பது இரண்டு நடைக்கு நடுவே நடக்கிற காரியம். இருக்கையில் உட்கார்ந்தபடியே டப்பாவைத் திறப்பார், விசில் ஊதுவதற்குள் மூடிவிடுவார். மென்றாரா முழுங்கினாரா என்பது அவருக்கே தெரியாது. அவருக்கு வாய்த்த மகளோ, தன் அம்மாவின் சின்ன மாமனை உரித்து வைத்தவள். அந்த மாமன் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் பூனை ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடும். இவளையும் வீட்டில் ஆமை என்றே கூப்பிட்டார்கள்.

ஆனால் ஓட்டுநரின் வீட்டுக்காரி ஒரு சட்டம் வைத்திருந்தாள். கடைசி ஆள் கை கழுவும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. ஓட்டுநரும் காலித் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை மகளை வெளியூர் முகாமுக்குக் கூட்டிப்போனார்கள். குச்சியாகத் திரும்பி வந்து காய்ச்சலில் விழுந்தாள். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லாரும் பேசி முடித்தார்கள்.

பிறகு அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அங்கே சமைத்துப் போடுகிற விடுதி ஒன்று, அறையும் பொது அடுப்பும் கொடுத்து நீயே பொங்கித் தின் என்கிற விடுதி ஒன்று. ஆயுள் முழுக்க ஆறின சோறு தின்ற ஓட்டுநருக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

"உக்காந்தா சூடா தட்டு வருது, வேற என்ன வேணும்? இவளுக்கு முட்டை உடைக்கக்கூடத் தெரியாது."

எதற்கும் ஒரு வேளை அங்கே சாப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று வீட்டுக்காரிதான் இருவரையும் அனுப்பினாள்.

சாப்பாட்டுக்கூடத்தில் நீள மேசைகள், ஆவி பறக்கிற பாத்திரங்கள். ருசியிலும் குறையில்லை. ஓட்டுநர் வழித்துத் தின்றுவிட்டு, பழக்கதோஷத்தில் சட்டென்று எழுந்து தட்டைக் கொண்டுபோய் வைத்தார். வீட்டுச் சட்டம் வீட்டோடு நின்றுவிட்டது. திரும்பினால் மகளும் தட்டோடு பின்னால் நிற்கிறாள். அதில் பாதிக்குமேல் அப்படியே கிடந்தது.

"ஏம்மா, நல்லா இல்லையா?"

"நல்லாத்தான்ப்பா இருக்கு. நீங்க எந்திரிச்சிட்டீங்க. கூட இருக்கிறவங்க எந்திரிச்சா எனக்கு அப்புறம் எறங்காது."

முகாம் தண்ணீர்மேல் போட்ட பழி பொய் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அப்பன் ஒருத்தன் எழுந்ததற்கே இந்தக் கதி. மேசை மேசையாக எழுந்து போகிற இந்தக் கூடத்தில் வருஷக்கணக்கில் இருந்தால் பிள்ளை என்ன ஆவாள்? உனக்கு எது வேண்டும் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார். அடுப்பு இருக்கிற இடம் என்றாள். கையைச் சுட்டுக்கொண்டாவது கற்றுக்கொள்வாளாம்.

பல்கலைக்கழக அலுவலகத்து அம்மாள், அந்த விடுதி நிரம்பிவிட்டது, யாராவது விலகினால் சொல்கிறோம் என்றார். அதுவரை ஓட்டுநருக்கு டப்பாச் சோறுகூட இறங்கவில்லை. ஒருநாள் பணிமனையில் வண்டியை நிறுத்தும்போது மகள் போன் செய்து, இடம் கிடைத்துவிட்டது என்றாள். வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது அவருக்கு. ஆமையும் வீட்டிலேயே முட்டை உடைக்கப் பழகினாள். ஓடுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு மற்றவர்கள் தின்றார்கள்.

விடுதியில் அவள் முதன்முதலாகச் சமைத்த சாயங்காலம், இங்கே தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடி வீட்டுக்காரி போன் போட்டாள்.

"சாப்ட்டியாடி?"

"சாப்ட்டுக்கிட்டு இருக்கேம்மா. சோறு அடிப்பிடிச்சிருச்சு."

"தனியாவா?"

"பக்கத்து ரூம் அக்காங்க ரெண்டு பேர் இருக்காங்க. அவங்க எப்பவோ முடிச்சிட்டாங்க. நம்ம வீட்டுச் சட்டத்தச் சொல்லி உக்கார வச்சிருக்கேன். என்னத் திட்டிக்கிட்டே உக்காந்திருக்காங்க."

போனில் யாரோ சிரிப்பது கேட்டது. ஓட்டுநரின் தட்டு எப்போதோ காலி. விரல் காய்ந்துபோயிருந்தது. அந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர் சத்தம் கேட்ட பிறகுதான் அவரும் கை கழுவ எழுந்தார்.