எங்கள் அலுவலகத்தில் அந்த வசதி இல்லை

ஒரு பொய்யைச் சொல்லி என் மனைவியை வேலையை விட வைத்தவன் நான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவளிடம் சொல்லத் துணிவில்லாததால், முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன்.

மைசூரில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் கணினிகளைப் பராமரிப்பது என் பணி. வீட்டிலிருந்தபடியே அலுவலகக் கணினிக்குள் நுழைந்து வேலை செய்ய உதவும் வி.பி.என். இணைப்பை அங்கே அமைத்தவனே நான்தான். பிள்ளை பெற்றவள், கால் முறிந்தவன், தாயைப் பார்த்துக்கொள்ள வேண்டியவள் என்று எத்தனையோ பேரின் மடிக்கணினியில் என் கையாலேயே அதைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்பாவைப் பக்கவாதம் தாக்கியது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. காதும் அறிவும் மட்டும் பழையபடியே இருந்தன. அம்மா முன்பே இறந்துவிட்டார். மண்டி மொஹல்லாவில் எங்கள் சின்ன வீட்டில் நான், என் மனைவி செல்வி, முன்னறைக் கட்டிலில் அப்பா. பகலில் அவருடன் ஒருவர் இருந்தே ஆகவேண்டும்.

செல்வி கொள்ளேகால் பக்கத்துப் பெண். ஒரு பரிசோதனைக் கூடத்தில் இரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தாள். ஊசி இறங்குவதே தெரியாது என்று அவள் பெயரைச் சொல்லிக் கேட்டு வருவார்கள். அந்த வேலையை வீட்டிலிருந்து செய்ய முடியாது. என் வேலையைச் செய்ய முடியும்.

அப்பாவின் கட்டிலருகே நின்றுதான் அவள் கேட்டாள்.

"ஏங்க, லாக்டவுன் அப்ப எல்லாரும் ஊட்டுல இருந்தே வேலை பாத்தாங்கல்ல? உங்க ஆபீஸ்ல அப்பிடிக் கேக்க முடியாதுங்களா?"

"அதையெல்லாம் அப்பவே நிறுத்திட்டாங்க. எங்க ஆபீஸ்ல அந்த வசதி இல்ல. செக்யூரிட்டி பிரச்சனை."

எவ்வளவு சரளமாக வந்தது... யோசிக்கக்கூட இல்லை.

அவள் சற்று நேரம் அப்பாவின் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பிறகு, "அப்ப நானே நின்னுக்கறனுங்க" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னேன்? மருத்துவமனையில் முதல் ஒரு வாரம் அப்பாவுக்குத் துணி மாற்றியவன் நான்தான். வாயோரம் வழியும் கஞ்சியைத் துடைத்தேன். ஒவ்வொரு முறையும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன், நாற்றம் போகவில்லை. பெற்ற தகப்பன் மீது அருவருப்பு... ஆம், அதுதான் அதன் பெயர். அந்த அறையில் நாளெல்லாம் அடைந்து கிடப்பதை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது. ஆகவே அவளை அடைத்துவிட்டு நான் வெளியேறினேன்.

அவள் வேலையை விட்ட மறுவாரமே, கொள்முதல் பிரிவு நாகரத்னாவுக்கு அதே இணைப்பை அமைத்துக் கொடுத்தேன். அவர் தாய்க்கு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. "தும்ப உபகாரா ஆய்து சார்" என்று கன்னடத்தில் நன்றி சொல்லிக் கைகூப்பினார். நானும் புன்னகைத்தேன். என்ன மனிதன் நான்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செல்வி காய்கறி வாங்கப் போயிருந்தாள். அலுவலகத்தின் முக்கியக் கணினி நின்றுவிட்டதாகத் தொலைபேசி வந்தது. அப்பாவைத் தனியே விட்டுப் போக முடியாது. வேறு வழியின்றி மடிக்கணினியைத் திறந்து, கடவுச்சொல்லை அடித்து, கட்டிலருகே உட்கார்ந்தபடியே அலுவலகத்துக்குள் நுழைந்தேன். "வீட்டிலிருந்தே பார்க்கிறேன், இரண்டு நிமிடம் பொறுங்கள்" என்று தொலைபேசியில் சொல்லியும்விட்டேன்.

நிமிர்ந்தபோது அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்வி பையோடு உள்ளே வந்ததும் இடது கையைத் தூக்கி என்னைக் காட்டினார். "ஆ... ஆபி..." என்று இழுத்தார்.

அவள் குனிந்து கேட்டாள். "ஆபீஸுங்களா மாமா? இன்னைக்கு ஞாயித்துக்கெழமை. அவரு ஊட்டுலதான் இருக்காரு, பாருங்க."

அவர் தலையை ஆட்டினார். மீண்டும் முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. நான் மடிக்கணினியை மூடினேன். "தண்ணி கேக்கறாரு போல" என்றேன்... அதையும் சொன்னேன். அவள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் குடிக்கவில்லை.

அதன் பிறகு என் கையால் ஊட்டினால் அவர் வாயைத் திறந்ததில்லை. "உங்க அப்பாவுக்கு எங்கிட்டத்தான் பழக்கம்" என்று செல்வி எல்லாரிடமும் சிரித்துச் சொல்வாள்.

இந்த ஆண்டு அவர் போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்களிடம் செல்வி சொன்னாள்: "இவரு வேலை அப்பிடிங்க. இல்லைன்னா இவரே பாத்திருப்பாரு." நான் காபித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பரிசோதனைக் கூடத்துக்கு அவள் மறுபடி போய்க் கேட்டாள். அவள் இடத்தில் வேறு பெண், புதிய இயந்திரங்கள். பிறகு சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்களாம். சொல்லி அனுப்பவில்லை.

சென்ற மாதம் எங்கள் மேலாளர், வாரத்தில் மூன்று நாள் எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டார். மறுத்துப் பார்த்தேன், நடக்கவில்லை. செல்வியிடம், "புதுசா ஒரு வசதி கொண்டுவந்திருக்காங்க" என்றேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தவள், "மாமா இருக்கறப்பவே வந்திருக்கலாம்" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் முன்னறையில் அவளே மேசை போட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஏற்கெனவே இருந்த இணைப்பை இரகசியமாக அழித்துவிட்டு, அவள் கண்முன்னே புதிதாய் அமைப்பதுபோல் அமைத்தேன். அவள் என் நாற்காலியின் பின்னால் நின்று பார்த்தாள்.

"ரொம்பக் கஷ்டமுங்களா இது?"

அலுவலகத்தில் எல்லாரிடமும் சொல்லிப் பழகிய தோஷத்தில் உண்மை வந்துவிட்டது. "இல்ல. பத்து நிமிஷ வேலை."

"பத்து நிமிஷந்தானா..." என்றாள்.

அவளுக்குத் தெரிந்துவிட்டதா? தெரியவில்லை. அந்தக் குரலை இன்னமும் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். கேட்கவும் முடியாது, கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும்.

இப்போது அந்த மேசையில் அமர்ந்துதான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி அலறுகிறது. செல்வி வாசலில் நின்று, சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கெஞ்சுகிறாள். "எங்க ஊட்டுக்காரரு வேலைல இருக்காருங்க."

சத்தம் குறைந்துவிட்டது. அவள் திரும்பி வருகிறாள். நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.