அக்கா பாஸான முகாம்

முகாமை மாடியில் போட்டது நீங்கள்தான். நடக்க முடியாதவர்களை வாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டு, அவர்களை அளக்கும் மேசையைக் கல்யாண மண்டபத்து மாடியில் கொண்டுபோய்ப் போட்டீர்கள். கீழே பந்திக்கூடம் காலியாகத்தான் கிடந்தது. யாரும் நுழையக் கூடாது என்று வாசலில் கயிறு கட்டியிருந்தீர்கள். மதியம் நீங்களும் உங்கள் அதிகாரிகளும் அங்கே சாப்பிட வேண்டும். சாம்பார் வாசனை தெருவரைக்கும் வந்தது. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. வாசனை கூட இன்னும் மறக்கவில்லை.

என் அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே இடது கால் சூம்பியிருக்கும். தரையில் அவள் முழங்காலில் கையை ஊன்றி, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடப்பாள். எங்கள் ஊர் நார்த்தாமலைக்குப் பக்கம். கண்மாய் நிறைந்தால் மொட்டைப் பாறை மலை முழுவதும் தண்ணீருக்குள் தலைகீழாக இறங்கிவிடும். அக்கா அதில் மல்லாந்து மிதப்பாள். கரையில் நின்று பார்த்தால் அவள் மலை மேல் படுத்தபடியே ஏறிப் போவதுபோல இருக்கும். கையும் அசையாது, காலும் அசையாது, மலை மட்டும் மெதுவாக அசையும். செருப்பைக் கழற்றிப் போடுவதுபோலக் காலின் குறையையும் அக்கா கரையில் கழற்றிப் போட்டுவிட்டுப் போகிறாள் என்று நான் நம்பியிருந்தேன். திரும்பி வரும்போது அது அங்கேயே காத்திருக்கும். எடுத்து மாட்டிக்கொள்வாள்.

அந்த வருடம் அக்கா பத்தாம் வகுப்பு முடித்திருந்தாள். பள்ளியிலேயே கணக்கில் அவள்தான் முதல். மேலே படிக்க டவுனுக்குப் போக வேண்டும். பஸ்ஸின் முதல் படி அவள் இடுப்புக்கு வரும்; கண்டக்டர் அவள் ஏறும்வரை விசிலை வாயில் வைத்துக்கொண்டு பொறுத்திருக்க மாட்டார். டவுனிலேயே தங்கிப் படிக்க விடுதி இருந்தது. அதில் இடம் வேண்டுமானால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேண்டும். அட்டைக்குத்தான் முகாம்.

அம்மாவிடம் ஒரு பழக்கம் உண்டு. வெளியாட்கள் யார் வந்தாலும், அவர்கள் வாசலை மிதிக்கும் முன்னால் அக்காவைப் பாயில் உட்கார வைத்துவிடுவாள். போகும்வரை எழுந்திருக்கக் கூடாது. நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்களோ, யார் போய் என்ன சொல்வார்களோ! யாராவது கேட்டால், “அதெல்லாம் நல்லா நடக்கும்ங்க, ஒரு குறையும் இல்ல” என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். தவிர்க்க முடியாமல் நடக்க வேண்டி வந்தால் எப்படி நிமிர்ந்து நடப்பது என்றும் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

முகாமன்று மாமாவும் வந்தார். அம்மாவின் தம்பி. மாடிப்படிக்குக் கீழே பெருங்கூட்டம். கைகளில் செருப்பை மாட்டித் தவழ்ந்து வந்த ஒருவர் படியை அண்ணாந்து பார்த்தார். எதிர்க்கடையில் ஒரு டீ குடித்தார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பிப் போய்விட்டார். டீ குடிக்கத்தான் வந்தார்போல என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவும் மாமாவும் கைகளைக் கோத்து இருக்கை மாதிரிச் செய்தார்கள்.

“ஒக்காரு ஆத்தா. கையைக் கழுத்துல போட்டுக்க.”

அக்கா ஏறி உட்கார்ந்தாள். படிக்கட்டில் கம்பி ஜன்னல் வழியாக வெயில் பட்டை பட்டையாக விழுந்துகொண்டிருந்தது. அவள் ஒவ்வொரு பட்டையிலும் பொன்னாகி, அடுத்த படியில் நிழலாகி, மறுபடி பொன்னானாள். பாவாடை காற்றில் மிதந்தது. சாமி புறப்பாட்டுக்குப் பின்னால் போவதுபோல நான் பின்னாலேயே ஏறினேன்.

“மாமா, தேரு சாயுது. முட்டுக்கட்டை போடச் சொல்லுங்க” என்றாள் அக்கா.

“பேசாம வா ஆத்தா. தேருக்கு எங்கடி வாயி?” மாமாவுக்கு மூச்சு வாங்கியது.

மேலே இறக்கிவிட்டதும் அவர் தண்ணீர் தேடிப் போய்விட்டார். டாக்டர் டேப்பை வைத்து அக்காவின் இரண்டு கால்களையும் அளந்தார். முட்டியை மடக்கிப் பார்த்தார்.

“மாடிக்கு எப்படிம்மா வந்தீங்க?”

“படியேறித்தான் சார்.”

“பொண்ணு படி ஏறுமா?”

“நல்லா ஏறும்ங்க. வீட்டு வேலையெல்லாம் அதுதான் பாக்குது. ஒரு குறையும் இல்ல.”

டாக்டர் நடந்து காட்டச் சொன்னார். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு, முழங்காலைத் தொடாமல், நிமிர்ந்து சுவர்வரை போய் வந்தாள். அவ்வளவு அழகாக அவள் நடந்து நான் பார்த்ததே இல்லை.

“முப்பத்தஞ்சு” என்றார், பக்கத்தில் எழுதுகிறவரிடம். பிறகு அம்மாவைப் பார்த்து, “நாப்பது சதவீதம் இருந்தாத்தாம்மா அட்டை. அடுத்தவங்க வாங்க.”

இறங்கும்போது அக்கா யாரையும் தூக்க விடவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்தே எல்லாப் படியையும் இறங்கினாள். மேலே நடந்ததைத் தெரிந்துகொண்டு, பஸ்ஸில் மாமா மெதுவாகக் கேட்டார்.

“ஏக்கா அப்புடிச் சொன்ன?”

“வேற எப்புடிடா சொல்றது? இத்தனை வருசமா அதைத்தானே சொல்லிப் பழகிருக்கேன்.”

அவர்கள் ஏன் இப்படி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. முப்பத்தைந்து என்றால் என்னவென்று பள்ளிக்கூடம் போகிற எந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஊரில் இறங்கியதும் நான் முன்னால் ஓடினேன்.

“எங்க அக்கா பாஸாயிருச்சு!”

எதிர்வீட்டு அத்தை துடைப்பத்தோடு நிமிர்ந்தார். “எதுலடி பாஸு?”

“கால்ல!”

தெருவே சிரித்தது. எல்லோரையும்விட அக்காதான் அதிகம் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்படியே கண்மாய்க்குப் போனாள். வெயில் இறங்கி, தண்ணீருக்குள் இருந்த மலை கரைந்து போகும்வரை மிதந்துகொண்டே இருந்தாள். பாஸான சந்தோஷம் என்று நினைத்து நான் கரையில் உட்கார்ந்து கைதட்டினேன். அவள் அந்த வருடம் பள்ளிக்கூடம் போகவில்லை. அடுத்த வருடமும் போகவில்லை. பாஸான பிறகும் ஏன் போகவில்லை என்பது எனக்கு நெடுநாள் புரியவில்லை.

இப்போது உலகத்தில் வேறு மாதிரி அளக்கிறார்களாம். காலை மட்டும் பார்ப்பதில்லையாம். அந்தக் கால் போக வேண்டிய பள்ளிக்கூடம், ஏற வேண்டிய பஸ், கூட இருக்கிற மனிதர்கள், எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஒருவரால் என்ன முடியும், என்ன முடியாது என்று சொல்கிறார்களாம். இதற்குப் பெரிய படிப்பு எதற்கு? அக்காவைக் கண்மாயில் ஒருமுறை பார்த்திருந்தால் போதும். அங்கே குறையே இல்லாதவளுக்கு உங்கள் படிக்கட்டில் எங்கிருந்து குறை வந்தது?

நேற்று ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு சொல்லிவிட்டுப் போனீர்கள். மறுபடியும் முகாம். அதே மண்டபம், அதே மாடி. அக்கா இங்கே தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மைக் சத்தம் தேயும்வரை நிறுத்தினாள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

எங்கள் கிராம சபைக்கு வாருங்கள். அதே மைக்கைக் கையில் பிடியுங்கள். என் அக்கா முன் வரிசையில் உட்கார்ந்திருப்பாள், ஊரும் இருக்கும். காலுக்கு முப்பத்தைந்து போட்டீர்களே, அந்த மாடிப்படிக்கு எத்தனை சதவீதம்? எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.