சிவப்புப் பின்

ஈயம் உருகும்போது எழும் புகைக்கு ஒரு காரமான வாசனை உண்டு; தொண்ணூறுகளின் கடைசியில் ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுச் சாம்பாரே அதற்குள் அமுங்கிவிடும். ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த அப்பா, வேலை முடிந்து வந்ததும் சால்டரிங் கம்பியோடு விசிடி பிளேயரின் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவார். "சத்தம்னா நாலு பக்கமும் வந்து விழணும்லா" என்பது அந்தத் திருநெல்வேலிக்காரரின் கொள்கை.

எங்கள் டிவியில் ஆடியோவுக்கு ஒரே ஓட்டைதான். பிளேயரின் வெள்ளைப் பின் அதற்குள் போய்விட, சிவப்புப் பின் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். அது வீணாவது அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கிவந்து, பிஸ்கட் டப்பாவுக்குள் தானே ஒரு "டீகோடர்" கட்டினார். வெள்ளையின் சத்தம் முன்னாலிருந்த மரப்பெட்டிகளுக்கும், சிவப்பின் சத்தம் பின்னாலிருந்த "பானை"களுக்கும் போகும். நிஜ மண்பானைதான், அதன் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்தால் "பேஸ்" அதிரும் என்று குவார்ட்டர்ஸே நம்பியது. பொங்கல் பானை பறிபோனதில் அம்மாவுக்குத் தீராத எரிச்சல்.

அக்காவுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. சேக்காட்டுப் பள்ளியொன்றில் டீச்சர் வேலையும் கிடைத்திருந்தது. மாங்காட்டு மாமியார்தான் "பாப்போம்" என்ற ஒரே சொல்லில் அதை இழுத்தடித்துக்கொண்டிருந்தார். அக்கா முகம் வாடிப்போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை அந்த மாமியார் அத்தையையும் அத்தானையும் விருந்துக்கு அழைத்து, கல்யாண சிடியை நாலு பக்கச் சத்தத்தோடு போட்டுக் காட்டி, மனம் குளிர்ந்த நேரத்தில் கேட்டுவிடுவதென்று முடிவானது.

வீடியோக்காரர் வெள்ளைப் பின்னின் பக்கம் பாட்டையும் சிவப்பின் பக்கம் கல்யாண வீட்டுப் பேச்சையும் பதிந்திருந்தது எங்களுக்குத் தெரியாது. முன்னாலிருந்து பாட்டு பொழிந்தது. அத்தையின் முதுகுக்குப் பின்னாலிருந்த பானை அம்மாவின் குரலில் பேசியது: "இந்தம்மாவுக்கு என்னத்தச் செஞ்சாலும் மூஞ்சி கோணத்தான் செய்யும். சீர் முறுக்கைக்கூட எண்ணிப் பாக்குது!"

அத்தை மெல்லத் திரும்பிப் பானையைப் பார்த்தார். அம்மா அடுப்படிக்குள் மறைந்தாள். பதறிப்போன அப்பா, பாய்ந்து ஒரு பின்னைப் பிடுங்கினார். வெள்ளைப் பின். பாட்டு நின்றது, பானை மட்டும் இன்னும் தெளிவாகப் பேசியது. இப்போது அத்தையின் குரல், தன் தங்கையிடம்: "எம்புள்ளைய நம்பினா இருக்கிற ஊடும் பூடும். பொண்ணு கெட்டிக்காரியா கீது, வேலைக்கு அனுப்பினாத்தான் தேறும். ஆனா கேட்டவொடனே சரின்னுடக் கூடாது. கொஞ்ச நாள் கெஞ்சட்டும்."

அத்தான் தரையைப் பார்த்தார். முதலில் சிரித்தது அக்காதான்.

"இன்னாடி சிரிப்பு? போய்ட்டு வா, யாரு வேணான்னா?" என்ற அத்தை, அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார்: "சம்மந்தி, முறுக்கு கொறச்சலாத்தான் இருந்துச்சி!"

இப்போது அக்கா அதே பள்ளியில் தலைமையாசிரியை. அவள் வீட்டு டிவிக்கு ஒயரே கிடையாது. அம்மாவும் இல்லை, அத்தையும் இல்லை. போன வாரம் அந்த சிடியைக் கடையில் கொடுத்து பென்டிரைவில் மாற்றி வாங்கினாள். பாட்டு துல்லியமாகக் கேட்கிறது. பேச்சை இரைச்சல் என்று நீக்கிவிட்டார்களாம். அக்கா திரும்பவும் கடைக்குப் போய், "பாட்டை நீங்களே வச்சுக்குங்க, எனக்கு அந்த இரைச்சலைக் குடுங்க" என்று சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.