தங்கப் பல்லி சொன்ன சொல்

என் மனைவியின் வயிற்றில் கட்டி இருக்கிறது, ஆபரேஷன் செய்தால் பிழைப்பாள் என்று திருப்பதி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவள் சம்மதிக்கவில்லை. அந்த வாரம்தான் அவள் உச்சந்தலையில் பல்லி விழுந்திருந்தது. தலையில் விழுந்தால் சாவு என்பார்கள்.

காஞ்சிபுரம் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டால் தோஷம் தீரும். அவளுடைய அண்ணன் வேறு வழி சொன்னார்.

"அங்க கீறது தகடும்மா. நம்ம அருவியில உசுரோடவே கீது, பங்காரு பல்லி. தொட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போ."

அதற்குச் சரி என்றாள்.

நாராயணவனத்துக்கு அப்பால் இருக்கிறது அந்த அருவி. விறகுக்குப் போகும்போது அந்தப் பல்லிகளைப் பார்த்திருக்கிறேன். வீட்டுப் பல்லியைவிட நன்றாகப் பெரிது. ஈரப் பாறை இடுக்குதான் அதற்கு வீடு. பெண் பல்லி பாறை நிறத்தில் இருக்கும். இணை சேரும் காலத்தில் ஆணுக்கு மட்டும் மஞ்சள் ஏறும்.

மூவரும் ஆட்டோவில் போனோம். இடுக்குக்குள் பாறையோடு ஒட்டிய முட்டைகள், நெருக்கமாக, வெள்ளையாக. அவற்றுக்கு மேலே மஞ்சள் பல்லி ஒன்று தலைகீழாக இருந்தது. அவள் கையை நீட்டினாள். அது உள்ளே நகர்ந்தது.

"பொண்ணு பாக்க வந்த மாப்ள மாதிரி வெக்கப்பட்டுக்கினு போவுது பாரு," என்றார் அண்ணன்.

வெகுநாள் கழித்து அவள் சிரித்தாள். சிரித்ததில் வலி வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நான் பொழைக்க மாட்டேண்ணா."

சொல்லி வாய் மூடவில்லை, இடுக்கிலிருந்து பல்லி உரக்கக் கத்தியது. ஒருவர் பேசி முடித்ததும் பல்லி சொன்னால் அந்தப் பேச்சு பலிக்கும்.

"அது ஜோடியக் கூப்புடுது," என்றேன்.

"நான் பேசுனதக் கேட்டுக்கினுதானே இருந்துச்சி," என்றாள்.

அண்ணன் இடுக்கில் வாயை வைத்தார். "எந் தங்கச்சி நல்லாருப்பா." காதைக் கொடுத்துக் கேட்டார். மறுபடியும் சொன்னார். தெலுங்கிலும் சொல்லிப் பார்த்தார். தண்ணீர் விழும் சத்தம் மட்டும் இருந்தது.

"போதும்ணா. எழுந்திரு," என்றாள் அவள்.

ஆபரேஷனுக்குச் சொன்ன காலையில் அண்ணன் ஆட்டோவுடன் வாசலில் நின்றார். அவள் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் கூப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் புடைத்தாள்.

அந்த வருஷம் மழை பிடிப்பதற்குள் செத்துப்போனாள்.