மாடியில் கேட்ட என் குரல்

“மேல கிளாஸ் எடுத்துகினு இருந்தீங்களே மேடம், அதுக்குள்ள எப்ப கீழ வந்தீங்க?”

எங்கள் துறையின் அட்டெண்டர் கேட்டார். மதியச் சாப்பாடு முடிந்து நான் ஸ்டாஃப் ரூமிலேயே உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து எழுந்த ஞாபகமே இல்லை.

“நானா? நல்லாப் பாத்தீங்களா?”

“பாக்கல. கதவு சாத்திக் கீது. உங்க கொரல் எனக்குத் தெரியாதா மேடம்?”

சேரப்பணஞ்சேரிக்காரர். விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்ல மாட்டார்.

கோவிட் எல்லாருக்கும் வந்து போனது. எனக்கு வந்தது, போகவில்லை. லாங் கோவிட் என்றார் டாக்டர். பெயர் வைத்ததோடு சரி. படி ஏறினால் இரைக்கும். யாருக்கும் வராத கருகல் வாடை எனக்கு மட்டும் வரும். ஒரகடத்தில் எந்தக் கம்பெனி எரிகிறது என்று கேட்டு எல்லாரையும் ஜன்னலுக்கு ஓட வைத்திருக்கிறேன். பேச்சின் நடுவே சொற்கள் காணாமல் போகும். ஒருமுறை வல்லக்கோட்டைக் கோயில் வாசலில், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் கல்லூரி வகுப்பறைகளில் ஆசிரியருக்கு நாற்காலி கிடையாது. நின்றுகொண்டு நடத்தினால்தான் அது பாடம் என்பது நிர்வாகத்தின் வேதம். எனக்கு ஒன்று வேண்டும் என்று துறைத்தலைவரிடம் கேட்டேன். “ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்கம்மா” என்றார். நல்ல மனுஷர்தான், நாற்காலியைத் தவிர வேறு எதைக் கேட்டாலும் கொடுப்பார்.

ஆகவே சக ஆசிரியர்கள் என்னைத் தாங்கினார்கள். தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். பரீட்சை மேற்பார்வை போனது, லேப் போனது. நான் உள்ளே வந்தால் பேச்சு தணியும். டீயும் பிஸ்கட்டும் என் எதிரே வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் விலகிப் போவார்கள். என் படத்துக்கு மாலை போடாதது ஒன்றுதான் குறை.

மிச்சமிருந்தது மூன்றாம் ஆண்டுக்கு நான் நடத்தும் குளிர்பதனப் பாடம் மட்டும். அதுவும் போனால் நான் ஆசிரியை இல்லை, சம்பளம் வாங்குகிற நோயாளி. அந்த வாரம் பக்கத்து சீட்டுக்காரி, வாலாஜாபாத்திலிருந்து வருகிறவள், “உங்க பீரியட்ல பசங்களுக்கு ப்ளேஸ்மென்ட் ட்ரெய்னிங் இருக்குக்கா, நீங்க ரெஸ்ட் எடுங்க” என்றிருந்தாள். நம்பி உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அட்டெண்டர் இப்படிச் சொல்கிறார். நானே போய்ப் பாடம் நடத்திவிட்டு வந்து மறந்துவிட்டேனா? இதுவரை சொற்கள்தான் போயின. இனி மணிக்கணக்காகப் போகுமா? அப்படியென்றால் எந்த முகத்தோடு பிள்ளைகள் முன்னால் நிற்பது? போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

கைப்பிடியைப் பிடித்து ஏறி, படி திரும்புகிற இடத்தில் மூச்சுக்காக நின்றேன். குரல் கேட்டது. என் குரலேதான். இரைப்பில்லை, தடுமாற்றமில்லை, கடகடவென்று போய்க்கொண்டிருந்தது. என் உதட்டைத் தொட்டுப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. பேச்சுக்கு நடுவே ஒரு குக்கர் விசில். அதுவும் என் வீட்டுக் குக்கர். 

கதவைத் தள்ளினேன். உள்ளே இருட்டு. வரிசை வரிசையாக வெளிறிய முகங்கள், எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி. திரையில் நான். ஊரடங்கின்போது, நோய் வருவதற்கு முன், வீட்டிலிருந்து பதிவு செய்த வீடியோ. கடைசி பெஞ்சில் லேப்டாப்போடு பக்கத்து சீட்டுக்காரி.

“டவுட் இருக்கா?” என்று கேட்டுவிட்டுத் திரையில் இருந்தவள் காத்திருந்தாள். அன்றைக்கு எதிரே இருந்த சுவரிடம் கேட்டது அது. இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கினாள்.

“இல்லையா? சரி, மேல போவோம்.”

அந்தப் பெண் மெல்லக் கையை இறக்கிக்கொண்டாள். திரையில் இருந்தவள் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. என்ன ஆரோக்கியம், என்ன அலட்சியம்!

“நிறுத்து” என்றேன்.

ஒரே குரல் இரண்டு பக்கமிருந்தும் வரவே, யாரோ வீலென்று அலறினார்கள். பக்கத்து சீட்டுக்காரி ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். அவள் கண்ணில் நீர்.

“நீங்க எடுக்கலன்னு கிளாஸ வேற யாருக்கும் மாத்திடக் கூடாதுன்னுதான்க்கா...”

“தெரியும்டி. லைட்டப் போடு.”

மேடை விளிம்பில் தரையோடு தரையாக உட்கார்ந்தேன். யார் பார்த்தால் என்ன? “நீ கேளும்மா” என்றேன் அந்தப் பெண்ணிடம்.

“ஃப்ரிட்ஜத் தொறந்தே வெச்சா ரூம் ஏன் மேம் கூல் ஆவாது?”

உள்ளேயிருந்து எடுக்கிற சூட்டை அது பின்பக்கமாக அதே அறைக்குள்தான் விடும் என்று ஆரம்பித்தேன். பாதியில் ஒரு சொல் காணவில்லை. தேடினேன், கிடைக்கவில்லை. கையால் உருட்டிக் காட்டினேன்.

“கம்ப்ரெஸரா மேம்?” என்றான் ஒருவன்.

“அதேதான். அது ஓடுற சூடும் சேரும்.” இருமினேன். மூச்சு திரும்பும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள்.

அந்தப் பெண் புருவத்தைச் சுருக்கினாள்.

“புரியல மேம். இன்னொரு வாட்டி சொல்லுங்க.”

சொன்னேன்.